அம்மாவின் சார்ட்டில் அம்பு பச்சையானது எப்படி

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
கார்த்திகை கடைசி ஞாயிறு.

அன்பு மகள் சௌம்யாவுக்கு,

சித்தப்பா சிவமுருகன் எழுதுவது. புனேயில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் சித்தி பாண்டிச்செல்வியும் குழந்தை ஸ்வேதாவும் நலம். கீழே பழனியில் உன் அம்மாவும் உடம்பளவில் நலம், உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்திருக்கிறேன். போன ஞாயிறு போனில் நான் கத்தினேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். தப்பு இரண்டு பேர் மேலும், என் பங்கு கொஞ்சம் கூடுதல். அதற்குப் பிறகு கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அம்மா பெயரில் வாங்கிய பம்ப் கம்பெனிப் பங்கை விற்கச் சொல் என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன், ஆர்.எஸ்.ஐ. இருபத்திரண்டில் இருக்கிறது, இப்போது விற்பவன் முட்டாள் என்று பதில் போட்டாய், கூடவே ஒரு சார்ட் படம். சரி, முட்டாள் எழுதுகிறேன், தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. பார்சலில் மலைப்பூண்டும் காப்பித்தூளும் சித்தி பின்னிய கம்பளிக் குல்லாவும் இருக்கின்றன, இந்தக் கடிதம் குல்லாவுக்குள் இருக்கும். பெருமாள்மலைக் கூரியர்காரர் வியாழக்கிழமை கிடைத்துவிடும் என்கிறார், அதுவரை நான் எப்படிப் பொறுப்பேனோ தெரியவில்லை.

மற்ற சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே பத்து நாளாக மழையும் மூடுபனியும், பழனி ரோட்டில் ஓரிடத்தில் மண் சரிந்து ஒரு பக்கமாகத்தான் வண்டி விடுகிறார்கள். காளான் பண்ணையில் என் வேலை எப்போதும் போலத்தான், அறைகளின் சூடும் ஈரப்பதமும் காட்டும் கருவிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஸ்வேதா பள்ளிக்கூட விழாவில் கேரட் வேஷம் போட்டாள், மேடையில் ஏறியதும் நான் கேரட் இல்லை என்று அழுதுவிட்டு இறங்கிவிட்டாள். சித்திக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. நீ அங்கே காலையில் டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே, அல்சர் வந்தால் அதற்கு உன் சார்ட்டில் எந்த அம்பும் முன்கூட்டி வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி உத்திரம் முடிந்ததும் அம்மா அடிவாரப் பூஜைச் சாமான் கடையின் லாபத்தை அடுத்த தைப்பூசத்துக்குச் சரக்கு எடுப்பதற்காக ஒதுக்கி வைப்பார், உன் அப்பா போனதிலிருந்து வருஷாவருஷம் அப்படித்தான், நீ படித்ததும் அந்தக் கடை வருமானத்தில்தான். இந்த வருஷம் நீ அதைப் பேங்கில் தூங்க விடுவானேன் என்று சொல்லி, அம்மா பெயரில் கணக்குத் திறந்து, அந்தப் பம்ப் கம்பெனியின் பங்கை வாங்க வைத்தாய். போனில் சார்ட் போட்டுக் கொடுத்தாய். பதினோரு நாள் விலையின் சராசரி ஒரு கோடு, முப்பத்தேழு நாள் சராசரி இன்னொரு கோடு, சின்னக் கோடு பெரிய கோட்டுக்கு மேலே போனால் பச்சை அம்பு, வாங்கலாம், கீழே இறங்கினால் சிவப்பு அம்பு, விற்றுவிட வேண்டும். இதோடு ஆர்.எஸ்.ஐ. என்று ஒரு குறியீட்டு எண், அது எழுபதைத் தாண்டினால் விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது, முப்பதுக்குக் கீழே போனால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, திரும்பும். ஒரு தாய்க்கு இவ்வளவையும் போனிலேயே சொல்லிப் புரிய வைத்தது பெரிய காரியம்தான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு தடவை வாங்கி விற்றதில் லாபமும் வந்தது. மூன்றாவது தடவை வாங்கியதுதான் இப்போது கிடக்கிறது. ஐப்பசியில் நீ கம்பெனிப் பயிற்சி என்று ஒரு வாரம் போனை ஒப்படைத்துவிட்டுப் போனாய், போகும்போது அம்மாவிடம், அம்பு சொல்கிறபடி செய் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வாரம்தான் சிவப்பு அம்பு வந்தது. அம்மா விற்கவில்லை. நீ திரும்பி வந்து கேட்டபோது எனக்குப் பச்சையாகத்தான் இருந்தது என்றார். உன் போனில் சிவப்பு, அவர் போனில் பச்சை, அம்மாவின் ஆப்பில் ஏதோ கோளாறு என்று நீயே முடிவு கட்டினாய். அதற்குள் ஆர்.எஸ்.ஐ. முப்பதுக்குக் கீழே போயிருந்தது, நல்லதாகப் போயிற்று, இனி ஏறும் என்று பேசாமல் இருந்துவிட்டாய். ஏறவில்லை. இன்னும் இறங்கியது.

போன புதன்கிழமை பக்கத்துப் பூக்கடை அன்னக்கொடி அக்கா எனக்குப் போன் போட்டார். "தம்பி, நீங்க ஒருக்கா வெரசா கீழ வந்துட்டுப் போங்க. ஒங்க அண்ணி ஏவாரத்தப் பாக்கல, போன்ல கோட்டத்தான் பாத்துக்கிட்டு கெடக்காங்க. வேலு கேட்டு வந்தவருக்கு விபூதிப் பொட்டலத்தக் குடுத்து அனுப்புறாங்க. அவரும் சாமி குடுத்ததுன்னு வாங்கிட்டுப் போறாரு" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வெள்ளனே பண்ணையில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நேராகக் கடைக்குத்தான் போனேன். கார்த்திகை முடியப் போகிறது, இந்நேரம் கடை பின்னால் நிற்க இடமில்லாமல் காவடித் தண்டும் மயிலிறகும் துளசி மாலைக் கட்டும் அடுக்கியிருக்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையில் அந்த மாலைக் கட்டு மேலே ஏறித் தூங்குவாய். இப்போது அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு காலி அட்டைப்பெட்டியும் இருந்தன. சரக்குக்காரர் மார்கழி பிறந்து முதல் வாரத்துக்குள் பணம் கொடுத்தவர்களுக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறார், அம்மா அவரிடம் இந்தா நாளைக்கு, நாளன்னைக்கு என்று தவணை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதயாத்திரைக் கூட்டம் வரும்போது கடை காலியாக இருந்தால் அந்த வருஷமே போச்சு. தை மாசத்தில் விற்பதை வைத்துத்தான் அவர் ஆனி ஆடி வரைக்கும் ஓட்டுகிறார், உனக்கே தெரியும். உனக்கு மாசச் சம்பளம் வருகிறது, அவருக்குப் பூசம்தான் சம்பளம்.

அவர் டீ வாங்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். ஆப்பில் கோளாறு ஒன்றும் இல்லை. உன் பதினொன்று அங்கே இல்லை, அந்த இடத்தில் ஐம்பது இருந்தது. முப்பத்தேழு அப்படியே இருந்தது. யோசித்துப் பார், சின்னக் கோடு என்று ஆப் நினைத்துக்கொண்டிருப்பது பெரிய கோட்டை விடப் பெரியதாகிவிட்டது. விலை விழுந்தால் நீண்ட சராசரி மேலேயும் குறுகிய சராசரி கீழேயும் இருக்கும், ஆகவே விலை விழ விழ அம்பு பச்சையாகவே நிற்கும். என்றைக்காவது நன்றாக ஏறத் தொடங்கினால் அன்றைக்குச் சிவப்பாகி விற்கச் சொல்லும். ஒரு மாசமாக உன் அம்மா தலைகீழ் சார்ட்டைப் பார்த்து உனக்குப் பச்சை பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யும் சொல்லவில்லை. டீயோடு வந்தவரிடம், அண்ணி இந்த நம்பரை யார் மாற்றியது என்று கேட்டேன். நான்தான் என்றார், எதையோ சரி பண்ணியவர் மாதிரி. "இதுல என்ன தம்பி இருக்கு. செவப்பு வந்துச்சு. பாலசமுத்திரம் கன்னிமார் கோயில்ல போயிப் பூக் கட்டிப் போட்டுக் கேட்டேன். விக்க வேணாம்னு வந்துருச்சு. சாமி தப்பாச் சொல்லுமா, அப்ப நம்பர்தான் தப்பா இருக்கும். அவ சொல்லிக் குடுத்த எடத்துல ஒண்ணொண்ணா ஏத்திக்கிட்டே போனேன், பச்சையாயிருச்சு, அம்பதுல ரவுண்டா நிறுத்திட்டேன்" என்றார்.

இதைப் படித்து நீ சிரிப்பாய், தலையில் அடித்துக்கொள்வாய். கொஞ்சம் இரு. உன்னுடைய பதினொன்றும் முப்பத்தேழும் எங்கிருந்து வந்தன? நான் கேட்டபோது, மூன்று வருஷ விலையில் எல்லா எண்ணையும் ஓட்டிப் பார்த்தேன், இந்த ஜோடிதான் அதிக லாபம் காட்டியது என்று பெருமையாகச் சொன்னாய். நேற்று நானும் அதே விலைகளை இறக்கி, பன்னிரண்டும் முப்பத்தெட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். லாபம் காணாமல் போய்விட்டது. பத்தும் முப்பத்தாறும் போட்டேன், நஷ்டம். ஒரு நாள் தள்ளி வைத்தால் ஓடாத இயந்திரத்தை பண்ணையில் நாங்கள் ஓடுகிற இயந்திரம் என்று சொல்ல மாட்டோம். நடந்து முடிந்த விலைக்கு ஒத்துவருகிற எண் கிடைக்கும் வரை நீ ஏற்றி இறக்கினாய், அம்மா சாமி சொன்னதற்கு ஒத்துவருகிற எண் கிடைக்கும் வரை ஏற்றினார். செய்த வேலை ஒன்றுதான், நீ கம்ப்யூட்டரில் செய்தாய், அவர் கட்டைவிரலில் செய்தார். சராசரிக் கோடு எனக்குப் புதிதில்லை பாப்பா, என் சோறே அதில்தான். பண்ணையில் சுவர் ஓரத்து வெப்பமானி சூட்டைக் காட்டும்போது காளான் படுக்கைக்குள்ளே சூடு ஏறி முடிந்திருக்கும். அது பொய் சொல்லவில்லை, தாமதமாகச் சொல்கிறது. உன் இரண்டு கோடும் அப்படித்தான், விலை எங்கே இருந்தது என்று சொல்லும், எங்கே போகும் என்று அதற்குத் தெரியாது. ஆர்.எஸ்.ஐ. இருபத்திரண்டு என்றால் சமீபத்தில் ரொம்ப இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். திரும்பும் என்று அது எங்கேயும் எழுதித் தரவில்லை. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருபத்தெட்டாக இருந்தது, அப்போதும் திரும்பும் என்றாய். குறியீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பத்து வருஷம் கையை வைக்காத பணத்தை வைத்துக்கொண்டு நீ எந்தக் கோட்டையும் பார்த்துக்கொண்டிரு. ஆனால் உன் அம்மாவுக்கு மார்கழி முதல் வாரத்தில் பணம் வேண்டும் என்பது எந்தச் சார்ட்டிலும் தெரியாது. அந்த ஒரு தேதிதான் இதில் உண்மையான சிக்னல், அதை நீ பார்க்கவே இல்லை. போன வெள்ளிக்கிழமை அந்தப் பங்கு லோயர் சர்க்யூட்டைத் தொட்டது, அதாவது ஒரு நாளில் இதற்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கும் எல்லை. சின்னக் கம்பெனி, எல்லையில் நின்றால் விற்க நினைத்தாலும் வாங்க ஆள் வர மாட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் வந்தார்கள், கொஞ்சம் கை மாறியது. அடுத்த தடவை வருவார்களா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பண்ணையில் அளவு குறிக்கும்போதும் இதே நினைப்புத்தான், நேற்று ஒரு அறையின் கணக்கை இன்னொரு அறைக்கு எழுதிவிட்டேன்.

அம்மாவின் போன் என் கையில்தான் இருந்தது, அன்றைக்கே நானே விற்றுத் தள்ளியிருக்கலாம். கணக்கு அவருடையது, அதனால் செய்யவில்லை. அதற்குப் பதில் பாலசமுத்திரத்துக்கு ஆட்டோ பிடித்தேன், இனிமேல் பங்கு விவகாரத்துக்கெல்லாம் பூக் கட்டிப் போடாதீர்கள் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று. சேனாதிபதி என்று பெயர், நல்ல மனிதர், நான் கோபமாகப் பேசினதைப் பொறுமையாகக் கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார், வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது, அதுதான் அவர் வேலை. "நான் என்னத்தக் கண்டேன் தம்பி, எடத்த விக்கிற சோலின்னு நெனச்சேன். மொதத் தடவ வெள்ளதான் வந்துச்சு, விக்கலாம்னு சொன்னேன். மனசு ஒருநெலையா இல்ல, இன்னொருக்கா போடுங்கன்னாங்க. அப்பயும் வெள்ள. மூணாவதுதான் செவப்பு வந்துச்சு, ஒடனே காணிக்கையப் போட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. விக்கிறதுக்கு அவுங்களுக்கு மனசில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். சாமிக்கே மூணு வாட்டி சொல்லிக் குடுக்க வேண்டியதா இருக்கு" என்று சிரித்தார். அங்கேயே திண்டாடிப் போனேன். கோடு விற்கச் சொன்னது, சாமியும் இரண்டு தடவை விற்கச் சொல்லிவிட்டது, இரண்டையும் உன் அம்மா தள்ளியிருக்கிறார். பேராசையோ என்று நினைத்தேன், அந்த நினைப்புக்கு அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து நேராகவே கேட்டேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பூசாரி எல்லாம் சொல்லிவிட்டார், விற்க ஏன் மனசில்லை அண்ணி, சரக்கு எடுக்க வேண்டாமா என்றேன். அவர் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமலே சொன்னார். "வித்துட்டா அப்புறம் அவ எதுக்குத் தம்பி கூப்பிடப் போறா. முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம ஒருக்கா, சாப்பிட்டியா தூங்குனியான்னு ரெண்டு வார்த்த, அதுவும் ஒங்ககிட்டப் பேசுற அன்னைக்குத்தான். இப்பத் தெனமும் காலையில மார்க்கெட் தொறக்குற ஒம்பதேகாலுக்குப் போனு வருது. அம்மா அம்பு என்ன கலருங்கிறா. நல்லாப் பாத்தியாங்கிறா. நான் ஏதாச்சும் தப்பாச் சொன்னா சிரிக்கிறா. அப்படியே ஆபீசு போற வழியெல்லாம் பேசிக்கிட்டுப் போறா. அவ பயிற்சிக்குப் போன வாரம் பூராவும் போனு வரல, அன்னைக்குன்னு பாத்து விக்கச் சொல்லுது. எனக்குப் பயமாப் போச்சு." சரக்குக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "அவ வித்துரும்மான்னு சொல்லட்டும், வித்துடுறேன். நானா விக்க மாட்டேன்" என்றார். அப்புறம் போகிற போக்கில், "சனி ஞாயிறு மட்டும் வராது, மார்க்கெட் லீவுல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு பாதயாத்திரைக்காரருக்கு விலை சொல்லப் போய்விட்டார். நான் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இத்தனை நாள் உன் மேலேயும் அந்த ஆப் மேலேயும், அன்றைக்குக் கன்னிமார் மேலேயும் கோபப்பட்டது எல்லாம் வீண் என்று தோன்றியது, கோபம் இல்லாமல் போனதும் பயம் கூடிவிட்டது. கடை காலியாக இருப்பதை அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார் சௌம்யா, தெரியாமல் இல்லை.

இதை நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே, கூச்சப்படுவார். அழுதுகொண்டு போன் போடாதே, விமானத்துக்கு டிக்கெட்டும் போடாதே, பூசத்துக்கு எப்படியும் வருவாய். இந்தக் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தால், வெள்ளிக்கிழமை காலை எப்போதும் போல அம்மாவைக் கூப்பிடு. அம்பு என்ன கலர் என்று கேட்காதே. வித்துரும்மா என்று சொல், என்ன விலையானாலும் எல்லாவற்றையும், நீ லைனில் இருக்கும்போதே. முதலில் எல்லையில் நின்றால் மத்தியானம் வரை ஆர்டரை எடுக்க வேண்டாம் என்று சொல். திங்கட்கிழமை பணம் கணக்குக்கு வந்துவிடும், அன்றைக்கே சரக்குக்காரருக்கு அனுப்பிவிடலாம், குறைவதற்கு நான் பொறுப்பு, அதைப் பற்றி உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. நஷ்டமாகத்தான் விற்போம். அடுத்த வாரமே அது ஏறினாலும் ஏறும், ஏறினால் எனக்குப் படம் அனுப்பாதே.

பழனியாண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் நிதானத்தையும் கொடுக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. உன் அப்பா இருந்திருந்தால் இதையே நாலு வரியில் இதமாகச் சொல்லியிருப்பார், எனக்கு அவருடைய பொறுமை வரவில்லை, உன் மேல் பிரியத்தில் அவருக்கு நான் குறைந்தவனில்லை. சித்தி குல்லாவைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாள்.

ஒன்றே ஒன்று மறக்காதே. வெள்ளிக்கிழமை விற்றாகிவிடும். மறுநாள் சனிக்கிழமை, சந்தை கிடையாது, அன்றைக்கும் ஒன்பதேகாலுக்கு அம்மாவைக் கூப்பிடு.

உன் சித்தப்பா,
சிவமுருகன்